பந்தல் பானையில் ஒரு செம்புத் தண்ணீர்

என் வாய் பொல்லாதது என்பார்கள். என் நாக்கும் பொல்லாததுதான். தண்ணீர் விஷயத்தில் அதை யாரும் ஏமாற்ற முடியாது. ஆழ்வார்திருநகரியில் பிறந்து, வீட்டுக்குப் பின்னால் நாலு எட்டு நடந்தால் தாமிரபரணி என்று வளர்ந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? என் அப்பாவுக்கு அங்கே கடை. கருப்பட்டியும் புளியும் வற்றலும் விற்கிற வீட்டில் பிறந்த எனக்கு, சிறு வயதில் பெருமையடித்துக்கொள்ள இருந்த ஒரே சொத்து ஆற்றுத் தண்ணீர்தான்.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்கியிருந்த சமயத்தில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு தூத்துக்குடிக்கு வடக்கே, தருவைகுளம் போகிற வண்டிப்பாதையில் ஒரு சின்னக் குடியிருப்பு. ஊர் என்று மரியாதைக்குச் சொல்லலாம். ஒரு பக்கம் உப்பளம், ஒரு பக்கம் பனங்காடு, அதைத் தாண்டினால் கடல். பாதை ஓரத்தில் எங்கள் பலசரக்குக் கடை, கடைக்குப் பின்னால் வீடு. வந்த அன்றைக்குக் கால் கழுவ வைத்திருந்த தண்ணீரைக் குடிக்க வைத்ததாக நினைத்து ஒரு வாய் ஊற்றிக்கொண்டேன். கிணற்றுத் தண்ணீர். இந்த ஊரில் சோற்றுக்கு உப்பு வாங்க வேண்டியதில்லை போல என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிக்கிற மனிதர் வாய்த்தது என் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் என் வாய்க்கு நான் அங்கே குடித்தனம் நடத்தியிருக்க முடியாது.

கிணறு குளிக்கவும் துவைக்கவும் மட்டும். குடிக்கிற தண்ணீர் பனங்காட்டுக்குள் மணல்மேட்டின் அடியில் இருந்த ஊற்றிலிருந்து வரும். ஊற்று என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, மணலில் தோண்டிய ஒரு அகலக் குழி. பெண்கள் கால் நனைய அதில் இறங்கி உட்கார்ந்து, சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தை நிரப்புவார்கள். கொஞ்சம் கோரினால் வற்றிவிடும். ஊறும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில்தான் ஊர்க்கதை எல்லாம் ஊறும். எனக்கு அந்த இடம் மிகவும் பிடித்துப்போயிற்று. ஊற்றுத் தண்ணீரும் நன்றாகவே இருந்தது. ஆற்றுத் தண்ணீர் அளவுக்கு இல்லை என்று சொல்லி எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த ஊர்க்காரர்கள் தண்ணீருக்கு வைத்திருந்த பரீட்சை ஒன்றே ஒன்று. துவரம் பருப்பைப் போட்டு அடுப்பில் ஏற்றுவார்கள். கிணற்றுத் தண்ணீரில் போட்டால் பருப்பு மத்தியானம்வரை கல்லாகக் கிடந்து குதிக்கும். ஊற்றுத் தண்ணீரில் போட்டால் அரிசி களைந்து வருவதற்குள் பூத்துவிடும். பருப்பு பூத்தால் நல்ல தண்ணீர். அதற்கு மேல் கேள்வி கிடையாது. என் மாமியாருக்கு, அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், இதில் கொஞ்சம்கூடச் சந்தேகம் இல்லை.

அத்தை அதிகம் பேச மாட்டார். நான் பேசுவதற்கு அவர் பேசாமல் இருந்தது சரியாகப் போயிற்று. ஆனால் சித்திரை பிறந்துவிட்டால் வேறு ஆளாகிவிடுவார். கடைக்கு முன்னால் ஓலைப்பந்தல் போட்டு, மணலை நனைத்துப் பரப்பி, அதன்மேல் பெரிய மண்பானைகளை வரிசையாக உட்கார வைப்பார். வெட்டிவேரைத் துணியில் முடிந்து உள்ளே போடுவார். விடிகிறதற்கு முன் பானைகள் நிரம்பிவிட வேண்டும். உப்பு வண்டிக்காரர்கள், அளத்து வேலைக்குப் போகிற பெண்கள், தலையில் மீன்கூடையோடு டவுனுக்கு நடக்கிறவர்கள், சங்கு குளித்துவிட்டுத் திரும்புகிறவர்கள், எல்லாருக்கும் அங்கே தண்ணீர் உண்டு. யார் எவர் என்று அத்தை கேட்டதில்லை. பனையோலைப் பட்டையை மடித்துக் கையில் கொடுத்து, அவர்கள் போதும் என்று தலையாட்டும்வரை ஊற்றுவார். வேறு யாரையும் ஊற்ற விட மாட்டார்.

ஏதோ நேர்த்திக்கடன் என்று நான் நினைத்திருந்தேன். காரணத்தை என் வீட்டுக்காரர்தான் சொன்னார். அவருக்கு மூத்தவளாக ஒரு அக்கா இருந்தாள். சிறு வயதில் வாந்திபேதி வந்தது. தண்ணீர் கொடுத்தால் போக்கு அதிகமாகும், ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் பல பேர் அப்படித்தான் சொன்னார்கள். பிள்ளை கடைசிவரை தண்ணீர் தண்ணீர் என்று கேட்டிருக்கிறாள். அத்தை கொடுக்கவில்லை. அதற்கு அடுத்த சித்திரையில் முதல் பந்தல் போட்டார். அன்றிலிருந்து எங்கள் வாசலில் தண்ணீர் கேட்டு இல்லை என்று யாரும் திரும்பியதில்லை. வீட்டில் அந்தப் பிள்ளையைப் பற்றி யாரும் பேசுவதும் இல்லை.

நான் போன மூன்றாவது கோடையில், பந்தலுக்குக் கால் நட்ட சமயம், எங்களுக்கு வடக்கே ஒரு குடியிருப்பில் வாந்திபேதி கண்டது. செய்தி வந்த மறுநாளே சைக்கிளில் ஒரு ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். சின்ன வயசு, ஒல்லியான உடம்பு, வெயிலில் வெந்த முகம். அதட்டத் தெரியாதவர். கிணற்றில் ஊதா மருந்தைக் கரைத்து ஊற்றினார். தண்ணீர் ரோஜாப்பூ நிறமாகிவிட்டது. பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தண்ணீரில் துவைத்தால் வேட்டி என்ன நிறமாகும் என்று கவலைப்பட்டார்கள். பிறகு அவர் ஊற்றைப் பார்க்கப் போனார். நாங்கள் காலோடு இறங்கிக் கோருவதையும், மேட்டில் ஆடுகள் நிற்பதையும், கரையில் ஒருத்தி பிள்ளைக்குக் கால் கழுவிவிடுவதையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்னதன் சாரம் இதுதான். ஊற்றில் மருந்து போட்டுப் பயனில்லை, கோரக் கோரப் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். ஆகையால் குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கக் காய்ச்ச வேண்டும். வீடுகளைவிட அவருக்குப் பயம் பந்தலைப் பற்றித்தான். ஒரு பானை கெட்டால் இந்தப் பாதையில் போகிற அத்தனை பேருக்கும் போகும், தூத்துக்குடிவரைக்கும் போகும். காய்ச்சி ஊற்றுவதானால் பந்தல் இருக்கட்டும், முடியாதென்றால் இந்த வருஷம் மூடிவிடுங்கள் என்றார். வாரா வாரம் வந்து பார்ப்பேன், பச்சைத் தண்ணீர் என்று தெரிந்தால் பானைகளை எடுத்துவிடுவேன் என்றும் சொன்னார்.

அத்தை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் வெளியே வந்தார். வெளி மனிதரிடம் அவர் நேராகப் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“இந்தத் தண்ணியில பருப்பு பூவா மலருது ஐயா. இதுலயா சீக்கு இருக்கும்?”

“பருப்பு வேகுறது வேற, கிருமி வேற அம்மா. தண்ணி இனிப்பா இருந்தாலும் கிருமி இருக்கும். கண்ணுக்குத் தெரியாது” என்றார் அவர்.

அத்தை விருட்டென்று திரும்பினார். உள்ளே போய்விட்டார். பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டேன். காய்ச்சினால்தான் பந்தலை மூடாமல் இருக்கலாம் என்று என் வீட்டுக்காரர் பக்குவமாக எடுத்துச் சொன்னார். சரி என்று தலையை மட்டும் ஆட்டினார்.

காய்ச்சுகிற வேலை என் தலையில் விழுந்தது. கொல்லையில் கல் கூட்டி அடுப்பு வைத்து, கல்யாண அண்டாவை இறக்கினோம். உடைமுள்ளும் பனமட்டையும் சேர்த்து எரிப்பேன். கண் எரியும், புடவையெல்லாம் புகை நாற்றம். சாயங்காலம் காய்ச்சி இரவெல்லாம் ஆற வைத்துக் கருக்கலில் பானையில் ஊற்றுவோம். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஊரே என்னை நம்பித்தான் இருக்கிறது என்பதுபோல ஒரு மிதப்பு.

மிதப்பு ரொம்ப நாள் நிற்கவில்லை. வண்டிக்காரர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். தண்ணீர் செத்துக் கிடக்கிறது என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர், என்ன அண்ணாச்சி, சீக்காளிக்குக் கொடுக்கிறதை எங்களுக்குக் கொடுக்கிறீர்கள் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டே விட்டார். அந்தப் பக்கத்தில் காய்ச்சின தண்ணீர் என்பது காய்ச்சலில் கிடக்கிறவனுக்குத்தான். தாகத்தோடு வருகிறவனுக்கு அதைக் கொடுப்பது அவமரியாதை. ஒரு கிழவர் பட்டையில் இருந்த தண்ணீரை மணலில் கவிழ்த்துவிட்டு நடந்தார். அத்தை அவர் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கே பாவமாக இருந்தது. என் பொல்லாத நாக்குக்கும் அந்தத் தண்ணீர் பிடிக்கவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

சில நாளில் முணுமுணுப்பு நின்றுவிட்டது. எல்லாரும் குடித்தார்கள், மறுபடி வாங்கியும் குடித்தார்கள். பழகிவிட்டது என்று நினைத்தேன். இன்ஸ்பெக்டர் வந்து அண்டாவையும் அடுப்பையும் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் அதிகாலையில் எனக்கு முன்னாலேயே அத்தை எழுந்து பானைகளில் ஆறிய தண்ணீரை நிரப்பிவிட்டு மறுபடி பந்தலுக்குப் போய்க்கொண்டிருந்தார். பின்னாலேயே போனேன். இடுப்பில் ஒரு சின்னக் குடம். அதிலிருந்து ஒரு செம்பு மொண்டு முதல் பானையில் ஊற்றினார். அடுத்ததில் ஒரு செம்பு. அதற்கு அடுத்ததில் ஒரு செம்பு. குடத்தில் இருந்தது ஊற்றுத் தண்ணீர். பச்சைத் தண்ணீர்.

என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். அத்தை கொஞ்சமும் பதறாமல், காய்ச்சினால் தண்ணீருக்கு உயிர் போய்விடுகிறது, ஒரு செம்பு உயிர்த்தண்ணீர் சேர்த்தால் மொத்தமும் உயிர் பிடித்துக்கொள்ளும் என்றார். இத்தனை பெரிய பானையில் ஒரு செம்பு என்ன செய்துவிடும், பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரிதானே என்றார். அவர் ஏமாற்றவில்லை. நல்லதுதான் செய்கிறோம் என்று மனசார நம்பினார். நாம் குடிக்க மாட்டாத தண்ணீரை ஊருக்கு ஊற்றக் கூடாது என்பது அவர் கணக்கு.

“உறைமோரு ஒரு சொட்டுதான் அத்தை. பானப் பாலும் தோஞ்சிருதுல்லா?” என்றேன்.

நான் யோசித்துச் சொன்னதில்லை. அவர் சொன்ன உவமையையே பிடித்து இழுத்தேன், அவ்வளவுதான். ஆனால் அத்தையின் கையிலிருந்த செம்பு அப்படியே நின்றது. தயிர் உறைய வைக்காத பெண்பிள்ளை உண்டா? ஒரு சொட்டு என்ன செய்யும் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பானைகளை ஒவ்வொன்றாகச் சாய்த்து மணலில் ஊற்றினேன். அத்தை தடுக்கவில்லை.

ஊற்றிய பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. விடிந்துவிட்டது. பந்தலில் ஒரு பானையிலும் தண்ணீர் இல்லை. பானைகளைக் கவிழ்த்த கையோடு புதிதாக ஏற்றிய அண்டா கொல்லையில் அப்போதுதான் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தை வெறும் பானையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை. அவர் அப்படிப் பயந்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து, தருவைகுளத்திலிருந்து கருவாட்டுக்கூடையோடு நடந்து வருகிற ஒரு அம்மா பந்தலுக்குள் நுழைந்தார். வாரத்தில் பாதி நாள் வருகிறவர். கூடையை இறக்கி, ஒரு மடக்குத் தண்ணீர் கேட்டார். கவிழ்ந்து கிடந்த பானைகளைப் பார்த்துவிட்டு, பந்தலை மூடியாயிற்றா என்றார். நான் அவசரமாக ஒரு பானையை நிமிர்த்தினேன். அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. பரவாயில்லை, பனங்காட்டு ஊற்றில் ஒரு கை அள்ளிக் குடித்துக்கொள்கிறேன் என்று கூடையைத் தூக்கக் குனிந்தார்.

அத்தை பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேண்டாம். அத குடிக்காத தாயி. இங்கன இரி.”

பருப்பு பூக்கிற தண்ணீரை வேண்டாம் என்று சொல்லி அத்தை வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த அம்மாவும் திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். நான் கொல்லைக்கு ஓடி அண்டாவிலிருந்து இரண்டு செம்பு மொண்டு வந்தேன். ஆவி பறக்கிறது. இதை எப்படிக் குடிக்கக் கொடுப்பது? வீட்டுக்காரருக்குக் கருப்பட்டிக் காப்பி ஆற்றுகிற பழக்கத்தில் ஒரு செம்பிலிருந்து இன்னொரு செம்புக்கு உயரத் தூக்கி ஆற்ற ஆரம்பித்தேன். கை கடுத்தது. அத்தை வந்து செம்புகளை வாங்கி அவர் ஆற்றினார். அவர் கை சளைத்ததும் நான். அந்த அம்மா வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, தண்ணீரை ஆற்றுகிற வீட்டை மாதா புண்ணியத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சிரித்தார். புன்னைக்காயலில் இருக்கிற தன் மகள் வீட்டுக் கதையெல்லாம் சொன்னார். சூடு ஒருவழியாக அடங்கியது.

வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுக் குடித்தார். நிறுத்தாமல் குடித்தார். “வெதுவெதுன்னு இருக்கு. ஆனா ஊத்துத் தண்ணி ருசிதான் இருக்கு” என்றார்.

நான் மிச்சத்தை வாயில் ஊற்றிப் பார்த்தேன். நிஜம்தான். அந்தச் சப்பென்ற ருசி போயிருந்தது. உயரத்திலிருந்து விழுந்து விழுந்து தண்ணீர் காற்றைக் குடித்துவிட்டது என்று யாரோ படித்தவர்கள் பின்னாளில் எனக்குக் காரணம் சொன்னார்கள். அன்றைக்குக் காரணம் யாருக்கு வேண்டும்? அத்தை ஒரு வாய் வைத்துக்கொண்டு வெகுநேரம் விழுங்காமல் இருந்தார். பிறகு விழுங்கிவிட்டு, “உயிர் வந்துட்டு” என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கோடை எங்களுக்கு ஒரு திருவிழா மாதிரிப் போயிற்று. ஊற்றில் உட்கார்ந்து கதை பேசிய பெண்களெல்லாம் சாயங்காலமானால் எங்கள் கொல்லையில் கூடிவிடுவார்கள். ஆளுக்கு இரண்டு செம்பு. யார் உயரமாகத் தூக்கி ஆற்றுவது, யார் சிந்தாமல் ஆற்றுவது என்று போட்டி. என்மேல் சிந்தாதவர்கள் குறைவு. தங்கள் வீட்டுக்கும் அங்கேயே காய்ச்சி எடுத்துப் போனார்கள். கவிழ்த்துவிட்டுப் போன கிழவர் திரும்ப வந்து, இரண்டாவது பட்டையும் நீட்டினார். என் வீட்டுக்காரர் கடையில் உட்கார்ந்துகொண்டு, உலகத்திலேயே தண்ணீரைச் சமைத்துச் சாப்பிடுகிற ஊர் இது ஒன்றுதான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த கோடை வேறில்லை.

வைகாசி முடிகிற சமயம் இன்ஸ்பெக்டர் வந்தார். வடக்கே நோய் அடங்கிவிட்டது என்றார். அங்கே பல வீடுகளில் சாவு விழுந்திருந்தது. இந்தப் பாதையில் எங்கள் குடியிருப்பில் மட்டும் ஒருவர்கூடப் படுக்கவில்லை, எல்லாம் தண்ணீரைக் காய்ச்சினதால்தான் என்று அத்தையைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தை அவருக்கு ஒரு பட்டை மடித்துக் கொடுத்து ஊற்றினார்.

அன்றைக்குச் சாயங்காலம் பந்தலைப் பிரிப்பதாக இருந்தது. நான் கொல்லையில் கடைசி அண்டாவை இறக்கிவிட்டு அடுப்பிலிருந்து விறகை இழுக்கப் போனேன். அத்தை வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நெருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அவளும் ஊத்துத் தண்ணிதான குடிச்சா. நாந்தான கோரிச் செமந்துட்டு வந்து ஊத்துனேன்.”

அவள் என்றால் யார் என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வாந்திபேதியில் போன அந்தப் பிள்ளை. கேட்டபோது கொடுக்காத தண்ணீருக்காகத்தான் அத்தை இத்தனை வருஷம் அழுதார் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்து பேசிய நாளிலிருந்து, அதற்கு முன் கொடுத்த தண்ணீரும் அவருக்குள் போய் உட்கார்ந்துவிட்டிருக்கிறது. அவர் பருப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதற்குக் காரணம் அதுதான். நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். எதுவும் இருக்காது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“அன்னைக்கு ஆருக்கும் தெரியாது அத்தை” என்றேன்.

“ஆமா. இன்னைக்குத் தெரியும்லா.”

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் இழுத்து வைத்த விறகை எடுத்து மறுபடி அடுப்பில் செருகினார்.

“அணைக்காத ஏளா. நாளைக்கும் ஆராவது தண்ணி கேட்டு வருவாக.”

அந்த வருஷம் நாங்கள் பந்தலைப் பிரிக்கவில்லை.